பன்னிரண்டே மாதத்தில் பி.எஸ்.? கொஞ்சம் பொறுங்கள்

கேள்வி: அமெரிக்காவில், ஒஹாயோவில் ஒரு மருத்துவமனை ஆய்வகத்தில் நான்கு வருடமாக எம்எல்டி (ஆய்வக டெக்னீஷியன்) ஆக இரவு ஷிப்ட் பார்க்கிறேன். இங்கே கம்யூனிட்டி காலேஜில் இரண்டு வருட அசோசியேட் பட்டம் முடித்து, ஆய்வகப் பணியாளர்களுக்குச் சான்றிதழ் தரும் ஏஎஸ்சிபி அமைப்பின் தேர்வும் எழுதித் தேறிவிட்டேன். அடுத்து எம்எல்எஸ் (இளங்கலைப் பட்டம் கேட்கும் அடுத்த நிலை ஆய்வகப் பணி) ஆக வேண்டும். ஆன்லைனில் பி.எஸ். ஹெல்த் சயின்ஸஸ் என்ற இளங்கலைப் பட்டம் படித்தால் பன்னிரண்டே மாதத்தில் முடிந்துவிடும் என்று ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து வாரம் இரண்டு முறை போன் வருகிறது. மருத்துவமனை வருடத்துக்கு 5,250 டாலர் தருமாம். சேரலாமா? ஆன்லைன் பட்டத்தை மதிப்பார்களா? (ஊரில் 2009-இல் பி.எஸ்சி. விலங்கியல் முடித்தேன். அது இங்கே செல்லாது என்றார்கள்.)

பதில்: உங்கள் கடிதத்தில் கனமான வரி அடைப்புக்குறிக்குள் இருப்பதுதான். முதலில் அதைப் பார்த்துவிடலாம்.

செல்லாது என்று யார் சொன்னார்கள்? கூட வேலை செய்பவரோ கல்லூரி கவுண்டரில் இருந்தவரோ சொல்லியிருப்பார். முடிவு செய்ய வேண்டியவர் அவரில்லை. வெளிநாட்டுப் பட்டங்களை மதிப்பிட்டு அறிக்கை தருவதற்கென்றே நிறுவனங்கள் இருக்கின்றன. அவற்றில் எவற்றின் அறிக்கையை ஏற்பார்கள் என்ற பட்டியல் ஏஎஸ்சிபி சான்றிதழ் வாரியத்தின் தளத்திலேயே இருக்கிறது. மூன்று வருட பி.எஸ்சி.யை இங்குள்ள இளங்கலைக்குச் சமம் என்பதா, மூன்று வருடக் கல்லூரிப் படிப்பு என்று நிறுத்திக்கொள்வதா என்பதில் நிறுவனத்துக்கு நிறுவனம் கருத்து மாறும். அதனால் பட்டியலில் உள்ள நிறுவனம் ஒன்றில், பாடவாரியான மதிப்பீடாகக் கேட்டு வாங்குங்கள். சமம் என்று வந்துவிட்டால் நீங்கள் இன்னொரு இளங்கலை படிக்கவே தேவைப்படாமல் போகலாம். வராவிட்டாலும் நஷ்டமில்லை: விலங்கியல் தாள்களும், அதோடு துணைப்பாடமாகப் படித்த வேதியியலும் கிரெடிட்டாக (படிப்பின் அளவைக் கணக்கிடும் அலகு) மாறி, படிக்க வேண்டியதைக் குறைக்கலாம்.

வேதியியலைக் குறிப்பாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எம்எல்டி சான்றிதழ் வைத்திருப்பவர் எம்எல்எஸ் தேர்வு எழுத ஏஎஸ்சிபி வைத்திருக்கும் வழியில் ஏதோ ஓர் இளங்கலைப் பட்டம் இருந்தால் போதாது. உயிரியலில் 16 செமஸ்டர் கிரெடிட், அதற்குள் ஒரு செமஸ்டர் நுண்ணுயிரியல். வேதியியலில் 16, அதற்குள் ஒரு செமஸ்டர் ஆர்கானிக் அல்லது பயோகெமிஸ்ட்ரி. கூடவே இரண்டு வருட முழுநேர ஆய்வக அனுபவம். விண்ணப்பிக்கும் முன் வாரியத்தின் தளத்தில் அன்றைய விதியை ஒருமுறை படித்துவிடுங்கள்.

இப்போது உங்களுக்குப் போன் செய்கிறவர் விற்கும் ஹெல்த் சயின்ஸஸ் பாடப்பட்டியலைத் திறந்து பாருங்கள். சுகாதாரக் கொள்கை, மருத்துவ அறநெறி, தலைமைப் பண்பு, நிதி மேலாண்மை என்று போகும். எல்லாம் நல்ல பாடங்கள்தான். ஆனால் இந்த வகைப் படிப்புகள் பலவற்றில் வேதியியல் என்ற சொல்லே இருக்காது. எனக்குத் தெரிந்த ஒருவர் இப்படி ஒரு பட்டத்தை நல்ல மதிப்பெண்ணோடு முடித்துவிட்டு, விண்ணப்பப் படிவத்தில் வேதியியல் கட்டத்துக்கு எதிரே 9 என்று எழுதிவிட்டு உட்கார்ந்திருந்தார். அதற்கும் ஒரு வழி உண்டு. அந்த கிரெடிட்கள் பட்டத்துக்குள்ளேயே இருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை, தனியாக ஒரு கல்லூரியில் படித்தும் சேர்த்துக்கொள்ளலாம். இருந்தாலும் பட்டம் வாங்கிய பிறகு ஆர்கானிக் கெமிஸ்ட்ரிக்குத் திரும்பிப் போவது யாருக்கும் இனிக்காது.

அனுபவத்திலும் ஒரு சிக்கல். இரவு ஷிப்டில் பெரும்பாலும் ஹெமட்டாலஜி, கெமிஸ்ட்ரி, யூரின், அவசர ரத்தப் பொருத்தம் இவைதான் ஓடும். கிருமிகளை வளர்க்கும் கல்ச்சர் தட்டுகளைப் பார்த்து முடிவு சொல்வது பகலில். எம்எல்எஸ் வழிக்குக் கேட்கும் அனுபவத்தில் நுண்ணுயிரியலும் அடக்கம். நான்கு வருடம் வேலை பார்த்தும் நுண்ணுயிரியல் பெஞ்சில் உட்காராதவர்களை நான் பார்த்திருக்கிறேன். படிப்பில் சேரும் முன்பே உங்கள் மேலாளரிடம் பேசி, பகல் சுழற்சிக்கு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். பிறகு அனுபவப் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டியவரும் அவர்தானே.

இன்னொரு வழி, ஆய்வகக் கல்விக்கான அங்கீகார அமைப்பான நாக்கல்ஸ் ஒப்புதல் தந்த எம்எல்டி-யிலிருந்து எம்எல்எஸ் ஆன்லைன் படிப்பு. பாடம் ஆன்லைனில் நடக்கும். செயல்முறைப் பயிற்சியைப் பல இடங்களில் நீங்கள் வேலை செய்யும் ஆய்வகத்திலேயே செய்யலாம், இரு தரப்பும் ஒப்பந்தம் போட்டால். முடித்ததும் நேரே தேர்வு. அனுபவக் கணக்கு கேட்க மாட்டார்கள். உங்கள் பி.எஸ்சி. மதிப்பீடு கைகொடுக்காவிட்டால் என் ஓட்டு இதற்குத்தான். என்றைக்காவது கலிபோர்னியா, நியூயார்க், புளோரிடா பக்கம் குடிபெயரும் எண்ணம் இருந்தால் அங்கே மாநில உரிமம் தனியாக உண்டு. அதன் நிபந்தனைகளை இப்போதே படித்துவிடுங்கள்.

சரி, எந்தப் பல்கலைக்கழகமானாலும் உங்களுக்கு ஒரு கிரெடிட் மதிப்பீட்டுத் தாள் வரும். அதைப் படிக்கத் தெரிய வேண்டும். ஓர் உதாரணம். உங்கள் அசோசியேட் படிப்பின் 68 கிரெடிட்டையும் ஏற்றுக்கொண்டோம் என்று மேலே தடித்த எழுத்தில் இருக்கிறது. இளங்கலைக்கு மொத்தம் 120, அப்படியானால் மீதி 52 என்று மனம் கணக்குப் போட்டுவிடும். கீழே வாருங்கள். அந்த 68-இல் 26 கிரெடிட் விருப்பப் பாடம் என்ற கட்டத்தில் கிடக்கிறது. அந்தப் பட்டத்தில் விருப்பப் பாடத்துக்கு இடமே 15 தான். மிச்சம் 11 சும்மா தொங்கும், எதற்கும் உதவாது. ஆக மீதி 63. ஏற்றுக்கொள்வது வேறு, பட்டத்தில் பொருத்துவது வேறு. விற்பனை போனில் முதலாவதைத்தான் சொல்வார்கள். இது போக, கம்யூனிட்டி காலேஜ் பாடங்கள் பொதுவாக 100, 200 எண் வரிசையில் இருக்கும். இளங்கலைக்கு 300, 400 வரிசைப் பாடங்கள் குறிப்பிட்ட அளவு கட்டாயம். ஒரு பகுதியை அந்தப் பல்கலைக்கழகத்திலேயே படித்தாக வேண்டும் என்ற விதியும் உண்டு, பெரும்பாலும் 30 கிரெடிட். ஒரு கிரெடிட்டுக்கு எத்தனை டாலர் என்று ஒப்பிடும் முன் எத்தனை கிரெடிட் மீதி என்று ஒப்பிடுங்கள். மலிவான இடத்தில் 63 படிப்பதைவிட, கொஞ்சம் விலை கூடிய இடத்தில் 40 படிப்பது லாபமாக முடியலாம்.

பன்னிரண்டு மாதக் கதைக்கு வருவோம். ஒரு கிரெடிட் என்றால் வாரத்துக்கு ஒரு மணி வகுப்பு, இரண்டு மணி சொந்தப் படிப்பு, இப்படிச் சுமார் 15 வாரம். மூன்று கிரெடிட் பாடத்துக்கு 135 மணி நேரம். ஆன்லைனில் இதை எட்டு வாரத்தில் சுருக்கித் தருகிறார்கள் என்றால் வாரத்துக்கு ஏறத்தாழ 17 மணி. ஒரே நேரத்தில் இரண்டு பாடம் எடுத்தால் 34, அது இன்னொரு வேலை. எட்டு வாரத்துக்கு ஒன்று வீதம் போனால் வருடத்துக்கு ஆறு பாடம், அதாவது 18 கிரெடிட். 63 கிரெடிட்டுக்கு மூன்றரை வருடம். பன்னிரண்டு மாதத்தில் முடிப்பவர்களும் இருக்கிறார்கள். கையில் 90 கிரெடிட்டோடு வந்தவர்கள், அல்லது வேலையை விட்டவர்கள்.

பணம். அந்த 5,250 டாலர் சும்மா தோன்றிய எண் இல்லை. வேலை கொடுப்பவர் படிப்புக்குத் தருவதில் வருடத்துக்கு அவ்வளவு வரை வருமான வரி கிடையாது என்பது வரிச் சட்டத்தின் 127-ஆம் பிரிவு. இது காலண்டர் வருடக் கணக்கு. ஆகஸ்டில் தொடங்கினால் இலையுதிர் பருவத்துக்கு இந்த வருடப் பணம், ஜனவரியில் அடுத்த வருடப் பணம். ஒரே கல்வியாண்டுக்கு 10,500 வரை போகும். ஆனால் மருத்துவமனையின் விதித்தாளில் இரண்டு விஷயத்தைத் தேடுங்கள். முன்பணமாகத் தருகிறார்களா, நீங்கள் கட்டி மதிப்பெண் வந்த பிறகு தருகிறார்களா? பணம் வாங்கிய பின் எத்தனை வருடம் அங்கேயே இருக்க வேண்டும், இடையில் விலகினால் திருப்பிக் கட்ட வேண்டுமா? உங்கள் கையிலிருந்து போகும் கட்டணத்துக்கு லைஃப்டைம் லேர்னிங் கிரெடிட் என்று வரிச் சலுகை இருக்கிறது: 10,000 டாலர் செலவு வரை அதில் 20 சதவீதம், அதிகபட்சம் 2,000. வருமான வரம்பு உண்டு. மருத்துவமனை கொடுத்த அதே தொகைக்கு இதையும் கேட்க முடியாது. மத்திய அரசின் கல்விக் கடன் வேண்டுமென்றால் குறைந்தது பாதிநேர மாணவராக இருக்க வேண்டும்.

ஆன்லைன் பட்டத்தை மதிப்பார்களா என்று கேட்டிருந்தீர்கள். பெரும்பாலான பல்கலைக்கழகங்களின் பட்டச் சான்றிதழில் ஆன்லைன் என்ற சொல்லே இருக்காது. பல்கலைக்கழகத்துக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. மத்திய கல்வித் துறையின் தளத்தில் பெயரைத் தட்டினால் தெரிந்துவிடும்.

எக்ஸ்ரே, ரெஸ்பிரேட்டரி துறை நண்பர்கள் இதைப் படித்தால் ஒரு வார்த்தை. எக்ஸ்ரே துறைச் சான்றிதழான ஏஆர்ஆர்டி-யோ சுவாச சிகிச்சைச் சான்றிதழான ஆர்ஆர்டி-யோ ஏற்கெனவே கையில் வைத்துக்கொண்டு மேலாளர் பதவிக்குப் போக நினைக்கிறவருக்கு அந்த ஹெல்த் சயின்ஸஸ் பட்டமே சரியானது. சான்றிதழுக்கு மொத்தமாக கிரெடிட் தரும் இடங்களும் உண்டு, கேட்டுப் பாருங்கள். வேதியியல் கணக்கெல்லாம் ஆய்வகக்காரர்களின் தலைவலி.

அடுத்த முறை அந்தப் போன் வந்தால் வாதாட வேண்டாம். எல்லாவற்றையும் ஈமெயிலில் அனுப்புங்கள் என்று மட்டும் சொல்லுங்கள். நீங்கள் பதிலுக்கு அனுப்ப வேண்டியது இவ்வளவுதான்: “என் பழைய கிரெடிட்களில் எத்தனை இந்தப் பட்டத்தின் எந்தெந்தப் பாடத்துக்குப் பொருந்துகின்றன? இந்தப் படிப்பில் உயிரியலும் வேதியியலும் எத்தனை செமஸ்டர் கிரெடிட்? நான் இன்னும் மொத்தம் எத்தனை கிரெடிட் படிக்க வேண்டும்?” பதில் பதிவாளர் அலுவலகத்திலிருந்து எழுத்தில் வரட்டும். அதுவரை விண்ணப்பக் கட்டணம்கூடக் கட்டாதீர்கள். அதற்குள் ஊரில் யாரையாவது பிடித்து, 2009 மதிப்பெண் பட்டியலை மதிப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்பும் வேலையை ஆரம்பித்துவிடுங்கள். பல்கலைக்கழகமே முத்திரையிட்டு நேரடியாக அனுப்ப வேண்டியிருக்கும். இந்த முழு வேலையிலும் அதிக நாள் பிடிப்பது அதுதான்.