சிறுவர் தொகுப்பு நூலில் கதை, பாடல், கட்டுரை மூன்றையும் கலக்கலாமா?

மூன்றையும் ஒரே நூலில் சேர்த்தால் பிள்ளைகள் குழம்புவார்களா, தனித்தனியாக அச்சிடுவதுதான் முறையா என்று கேட்டிருக்கிறீர்கள். பலர் எழுதித் தந்த ஆக்கங்களைக் கையில் வைத்துக்கொண்டு முடிவெடுக்க முடியாமல் நிற்கிறீர்கள் என்று எண்ணுகிறேன். சேர்த்தே வெளியிடுங்கள், ஆனால் கதைப் பகுதி, பாடற் பகுதி என்று பிரித்துவிடாமல், ஒரே பொருளைப் பற்றியவற்றை அடுத்தடுத்து வையுங்கள்.

மட்டக்களப்பில் சிறுவர் வாசிப்பு வட்டம் ஒன்றை நடத்துபவள் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். நெற்களத்தில் பாடும் பொலிப்பாட்டு ஒன்றைத் தனியே வாசித்தபோது பிள்ளைகள் ஓசைக்குத் தலையாட்டினார்களே தவிர ஒன்றும் கேட்கவில்லை. வெட்டும் இயந்திரம் வயலுக்குள் இறங்கி நெல்லைப் பிரித்தே தந்துவிடும் காலத்தில் பிறந்தவர்கள் அவர்கள். பின்னொரு நாள், வெட்டிய கதிரைச் ‘சூடு’ எனப்படும் போராகக் குவிப்பதையும், களவெட்டி எனும் நெற்களத்தில் எருமைகளைப் பிணைத்துச் சுற்றவிட்டு மிதிக்க வைப்பதையும், நெல்லைத் தூற்றுவதையும் விளக்கும் சிறு கட்டுரையை முதலில் வாசித்துவிட்டு அதே பாடலுக்கு வந்தோம். “மாடு களைச்சுப் போகாதா டீச்சர், அதுக்குத்தான் பாடுறவங்களா?” என்று நான்காம் தரத்துச் சிறுமி கேட்டாள். அதன் பிறகு அந்தப் பாடலை எல்லோரும் தாமாகவே மறுபடி பாடினார்கள்.

குழப்பம் வரும் என்ற அச்சமும் தேவையற்றது. மட்டக்களப்பு வாவியின் பாடும் மீனைப் பற்றிய கதையின் பக்கத்திலேயே, நிலவு நாளில் கல்லடிப் பாலத்தருகே தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையை நீரில் விட்டு மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்கும் வழக்கத்தையும், அவ்வொலி மீனுடையதா, ஊரி என்னும் நீர்நத்தையுடையதா என்ற விவாதத்தையும் எழுதிப் பாருங்கள். எது கற்பனை, எது மெய் என்று பிள்ளையே பிரித்தறியும்.

இத்தகைய நூலை நூலகத்தில் எந்தத் தட்டில் வைப்பது என்று சிலர் கேட்பார்கள். நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் டூயி பகுப்பில் இலக்கியம் 800இலும் இயற்கை அறிவியல் 500இலும் அடங்குவது உண்மைதான். ஆனால் தட்டின் வசதிக்காகப் பிள்ளையின் வாசிப்பைத் துண்டாட வேண்டியதில்லை. இதைவிட எனக்கு வருத்தம் தருவது, “இதிலிருந்து ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் சோதனைக்கு வருமா?” என்று கேட்டுவிட்டு, மாதிரி வினாத்தாள் புத்தகத்தை மட்டும் வாங்கிச் செல்லும் பெற்றோர்தான்.

ஒவ்வோர் ஆக்கத்தின் தலைப்பின் கீழும் அது கதையா, பாடலா, கட்டுரையா என்று சிறிய எழுத்தில் குறியுங்கள். வண்ணப் படங்களைக் கதைக்கு மட்டும் ஒதுக்காமல், கட்டுரைக்கும் அதே அளவில் கொடுங்கள்.