பதில்: 'ஏழைகளின் பைபிள்' ஏன் தவறான எடுத்துக்காட்டு?

படிப்பறிவில்லாதவர்களுக்கான படநூல் என்று 'பிப்லியா பாப்பெரும்' பக்கத்தைக் கட்டுரையில் போட்டேன், பேராசிரியர் அடித்துவிட்டார், ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். அவர் அடித்தது சரிதான். 'பிப்லியா பாப்பெரும்' என்பது இயேசுவின் வாழ்க்கைக் காட்சிகளோடு பழைய ஏற்பாட்டுக் காட்சிகளை இணைத்துக் காட்டும் இடைக்காலப் படநூல். லத்தீனில் அதற்கு 'ஏழைகளின் பைபிள்' என்று பொருள், அந்தப் பெயர்தான் ஆளைக் கவிழ்க்கிறது. அது பிற்பாடு ஒட்டிக்கொண்டது.

15ஆம் நூற்றாண்டில் மரக்கட்டையில் செதுக்கி அச்சடித்த 40 பக்கப் பதிப்பைப் பாருங்கள். அடக்கக் காட்சிப் பக்கத்தில் நடுவே இயேசுவைக் கல்லறையில் வைக்கிறார்கள். ஒருபுறம் பழைய ஏற்பாட்டு யோசேப்பைக் கிணற்றில் இறக்குகிறார்கள், மறுபுறம் யோனா மீனின் வாய்க்குள் போகிறார். மேலும் கீழுமாக நான்கு தீர்க்கதரிசிகள். சுற்றிலும் லத்தீன், அதுவும் சுருக்கக் குறிகள் நிறைந்த லத்தீன். கிணறும் மீனும் கல்லறைக்கு ஏன் துணை நிற்கின்றன என்பது, இறையியல் காதில் விழாதவருக்கு எப்படிப் புரியும்?

அதற்குப் பதில் சுவரோவியத்துக்குப் போங்கள். இங்கிலாந்தின் கவன்ட்ரி நகரில் உள்ள ஹோலி டிரினிட்டி தேவாலயத்தின் இறுதித் தீர்ப்பு ஓவியம் பொருந்தும். மீட்கப்பட்டோர் கிறிஸ்துவின் வலப்புறம், அதாவது நமக்கு இடப்புறம். இதைத்தான் பலர் மாற்றி எழுதிவிடுகிறார்கள். எதிர்ப்புறம் விலங்கின் வாயாகப் பிளந்த நரகம். அதற்கு எழுத்து தேவையில்லை.

படிக்கத் தெரியாதவர்களுக்குப் படமே எழுத்து என்ற கருத்துக்குப் போப் கிரகோரியின் கடிதத்தை மேற்கோள் காட்டினால் சூழலையும் சேருங்கள். கி.பி. 600 வாக்கில், படங்களை உடைத்த மார்செய் ஆயர் செரீனஸைக் கண்டித்து எழுதியது அது. உடைக்காதே, வணங்கவும் விடாதே என்பதே அவர் நிலை. 'படம் பார்த்தே பைபிள் கற்றார்கள்' என்று எழுதாதீர்கள். பிரசங்கத்தில் கேட்டதைப் படம் நினைவூட்டியது என்றால் யாரும் அடிக்க மாட்டார்கள்.