லக்ஸரி வீடு வாங்க புரோக்கர் வேணுமா, நேரா ஓனர்கிட்டயே போயிடலாமா?

கேள்வி கேட்டவர் நல்ல பெரிய வீடா ஒண்ணு பாத்துட்டு இருக்காராம், இந்த விலைல புரோக்கர் கமிஷனே தலை சுத்துதாம், நேரா ஓனரைப் புடிச்சா மிச்சம் ஆகுமான்னு கேக்கறார்.

புரோக்கர் வேணும்னு தான் சொல்வேன். ஆனா வீட்டுக்கு என்ன விலை தகும்னு அவர்கிட்ட கேட்டு முடிவு பண்றதுக்கு இல்ல.

இந்த ரேஞ்ச்ல நிறைய வீடு விளம்பரத்துக்கே வராது. ஓனருக்கு பிசினஸ்ல நெருக்கடி இருக்கும், இல்ல சொத்துப் பிரிவினை நடக்கும், வெளிய தெரிஞ்சா நாலு பேர் நாலு விதமா பேசுவாங்கன்னு போர்டு மாட்டாம நம்பிக்கையான ரெண்டு மூணு புரோக்கர் காதுல மட்டும் போட்டு வெச்சிருப்பாங்க. அந்த வீடெல்லாம் நீங்க எவ்வளவு தேடினாலும் ஆன்லைன்ல கிடைக்காது. ஏன் விக்கறாங்க, எத்தனை மாசமா விக்காம நிக்குது, முன்னாடி யார் அட்வான்ஸ் வரைக்கும் வந்துட்டு ஏன் ஓடினாங்க, இதெல்லாம் புரோக்கருக்கு தெரியும். கமிஷன் குடுக்கறதே இதுக்கு தான்னு நினைச்சுக்கோங்க.

விலை விஷயம் வேற. சாதாரண பிளாட்டுன்னா பக்கத்து பிளாட் என்னத்துக்கு போச்சுன்னு விசாரிச்சா ஓரளவு புடிபட்டுரும். லக்ஸரி வீடு ஒவ்வொண்ணும் ஒரு தினுசு, ஒப்பிட்டுப் பாக்க பக்கத்துல எதுவும் இருக்காது, அதனால ஓனர் சொல்ற ரேட்டுங்கறது முக்கால்வாசி அவர் ஆசை தான். புரோக்கருக்கு சம்பந்தமே இல்லாத ஒரு வேல்யூவரை, அதாவது வீட்டுக்கு என்ன மதிப்புன்னு கணிச்சு சொல்ற ஆளை, நீங்களே காசு குடுத்து வெச்சுக்கோங்க. புரோக்கர் சொல்லி வர்ற வேல்யூவர், வக்கீல், இன்டீரியர்காரர் யாரும் வேண்டாம், அவங்களுக்குள்ள என்ன குடுக்கல் வாங்கலோ நமக்குத் தெரியாது.

புரோக்கர் கெட்டவர்னு சொல்ல வரல, கணக்கு அப்படி. 2% கமிஷன்னு வைங்க. நூறு ரூபா வீட்டை நீங்க 95க்கு வாங்கினா உங்களுக்கு மிச்சம் 5 ரூபா, புரோக்கருக்கு குறையறது வெறும் 10 பைசா. டீல் ஊத்திக்கிச்சுன்னா அவருக்கு மொத்தமா போச்சு. அதனால அவருக்கு விலை ஏறினாலும் இறங்கினாலும் பெரிய கவலை இல்ல, சீக்கிரம் முடியணும், அவ்ளோதான். லெவிட், சிவர்சன்னு ரெண்டு பொருளாதார ஆராய்ச்சியாளர்கள் சிகாகோ பக்கம் நடந்த கிட்டத்தட்ட 1 லட்சம் வீட்டு விற்பனையை எடுத்துப் பாத்து 2008ல பேப்பர் போட்டாங்க. ஏஜென்ட்டுங்க தங்களோட சொந்த வீட்டை விக்கறப்போ ஒரு வாரம் பத்து நாள் கூடுதலா காத்திருந்து, மத்தவங்க வீட்டை வித்துக் குடுக்கறதை விட 3 சதவீதத்துக்கு மேல அதிக விலைக்கு வித்திருக்காங்க. அடுத்தவன் வீடுன்னா சட்டுபுட்டுன்னு முடிச்சு விட்டுடறது.

வாங்கறவங்களுக்கு இதுல ஒரு லாபம் இருக்கு, யாரும் யோசிக்கறதில்ல. நீங்க கண்டிப்பா வாங்குவீங்க, பணம் ரெடி, இழுத்தடிக்க மாட்டீங்கன்னு புரோக்கருக்கு நம்பிக்கை வந்துருச்சுன்னா, ஓனர்கிட்ட போய் விலையைக் குறைக்கச் சொல்லி அவரே மன்றாடுவார், அந்த 10 பைசா அவருக்கு தூசு. அதனால பேங்க்ல இருந்து லோன் சாங்ஷன் லெட்டரோ, பணம் இருக்குங்கறதுக்கு ஒரு லெட்டரோ முதல்லயே வாங்கி கைல வெச்சுக்கோங்க. உங்க உச்சபட்ச பட்ஜெட்டை மட்டும் வாயைத் திறந்து சொல்லிடாதீங்க, அந்த லெட்டர்லயும் உங்க மொத்த இருப்பு தெரியாம, கேக்கற தொகைக்கு மட்டும் வர்ற மாதிரி பாத்துக்கோங்க.

எங்க அண்ணன் வாங்கறப்போ நானும் கூடவே சுத்தினேன். ஒரு வீட்டுக்கு போனா எல்லா லைட்டும் எரியுது, ஏசி முன்னாடியே போட்டு ஜில்லுனு இருக்கு, மெல்லிசா பாட்டு வேற ஓடுது. அண்ணன் உள்ள போனதும் "மொதல்ல அந்தப் பாட்டை நிறுத்துங்க"ன்னார். நிறுத்தினதும் தான் மாஸ்டர் பெட்ரூம் சுவத்துக்குப் பின்னாடி ஒரு மோட்டார் உறுமற சத்தம் கேட்டுச்சு, நீச்சல் குளத்து பம்ப் ரூம் சரியா அங்க தான் இருக்கு. அப்புறம் மாடில எல்லா பாத்ரூம் குழாயையும் ஒரே நேரத்துல திறந்து விட்டோம், மேல் மாடி ஷவர் நூல் மாதிரி வடிஞ்சுது. புரோக்கர் மூஞ்சி போன போக்கைப் பாக்கணுமே. கிளம்பறப்போ "சார், நாளைக்கு காலைல இன்னொரு பார்ட்டி அட்வான்ஸ் குடுக்க வர்றாங்க"ன்னார். "நல்லதா போச்சு, அவங்களுக்கே குடுத்துருங்க"ன்னுட்டு அண்ணன் வண்டில ஏறிட்டார். மறுநாள் அதே புரோக்கர் போன் பண்ணி ஓனர் இறங்கி வர்றார்ங்கறார். அண்ணன் அசையல, பம்ப் சத்தத்துக்கு எவ்ளோ குறைச்சாலும் தூக்கம் வராதுங்கறது அவர் கட்சி.

அடுத்தது, புரோக்கர் யாருக்கு வேலை பாக்கறார்னு முதல் சந்திப்புலயே நேரா கேட்டுருங்க. ரெண்டு பக்கமும் கமிஷன் வாங்கற ஆள்னா, நீங்க சொல்ற ஒவ்வொரு வார்த்தையும் அந்தப் பக்கம் போகும்னு வெச்சுக்கிட்டே பேசுங்க. அமெரிக்கால சில மாநிலத்துல ஒரே ஏஜென்ட் ரெண்டு தரப்புக்கும் முழு பிரதிநிதியா நிக்கறதுக்கே தடை இருக்கு. அங்க 2024 ஆகஸ்ட்ல இருந்து பெரும்பாலான ஏஜென்ட்டுங்க, வீடு காட்டறதுக்கு முன்னாடியே வாங்கறவர்கிட்ட கமிஷன் எவ்ளோன்னு எழுத்துல போட்டு கையெழுத்து வாங்கியே ஆகணும். நீங்க எந்த ஊர்ல வாங்கினாலும் சரி, சட்டம் கேக்குதோ இல்லையோ, எழுதி வாங்கிக்கோங்க.

எழுதறப்போ ரெண்டு இடத்தை நிதானமா படிங்க. அவர் மூலமா மட்டும் தான் வாங்கணும்னு எத்தனை மாசத்துக்கு கட்டிப் போடறாங்கன்னு ஒண்ணு. ஒப்பந்தம் முடிஞ்ச அப்புறமும், அவர் காட்டின வீட்டை வாங்கினா கமிஷன் உண்டுன்னு வர்ற வரி இன்னொண்ணு. அது நியாயம் தான், ஆனா எந்தெந்த வீடு காட்டினார்னு பேர் போட்டு லிஸ்ட் இருக்கணும், இல்லேன்னா ஊர்ல இருக்கற எல்லா வீடும் நான் காட்டினதுன்னு வந்து நிப்பார்.

நேரா ஓனர்கிட்ட போறவங்களுக்கு இன்னொண்ணும் சொல்லணும். கமிஷன் மிச்சம்னு ஓனருக்கும் தெரியும், அந்தக் காசு தன் பாக்கெட்டுக்கு வரணும்னு தான் அவரும் பாப்பார். தவிர முகத்துக்கு நேரா வீட்டுல குறை சொன்னா, ஆசை ஆசையா கட்டின மனுஷன், பொசுக்குனு கோவம் வந்துரும். நடுவுல ஒரு ஆள் இருந்தா அந்தப் பேச்செல்லாம் அவர் வாய் வழியா போகும்.

விலை முடிஞ்சதும் புரோக்கரை விட்டுராதீங்க. சாண்ட்லியர், கிச்சன்ல பதிச்ச ஓவன், தோட்டத்து சிலை, ஹோம் தியேட்டர், எது வீட்டோட வருது எது ஓனர் கழட்டிட்டு போவார்னு லிஸ்ட் போட்டு அக்ரிமெண்ட்டோட சேர்க்க வைங்க. லைட், கேமரா, கேட் எல்லாம் ஆப்ல ஓடற வீடுன்னா அட்மின் பாஸ்வேர்டு முதற்கொண்டு கைக்கு வரணும், இல்லேன்னா உங்க வீட்டு கேமராவை பழைய ஓனர் உக்காந்து பாத்துட்டு இருப்பார். இதுக்கெல்லாம் ஓனரை விரட்டற வேலை புரோக்கரோடது, அதனால கமிஷன்ல ஒரு பகுதியை சாவி கைக்கு வர்ற அன்னிக்கு தருவேன்னு ஆரம்பத்துலயே பேசி எழுதிக்கோங்க, முழுசா குடுத்துட்டா அப்புறம் போன் எடுக்கறது கஷ்டம்.