புறங்கையும் தேன்குடமும்

கேள்வி: எதற்கெடுத்தாலும் அரசியலில் நேர்மை வேண்டும் என்று எழுதுகிறீர்கள். தேனெடுப்பவன் புறங்கையை நக்கத்தான் செய்வான். வேலை நடக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதாதா?

பதில்: குடத்தில் எவ்வளவு தேன் இருந்தது என்று சொல்வதும் அந்தப் புறங்கைக்காரர்தானே? 'வேலை நடக்கிறது' என்று உங்களுக்கு எப்படித் தெரிந்தது? அவர் வெளியிட்ட அறிக்கை, அவர் சபையில் சொன்ன பதில், அவர் காட்டிய கணக்கு. அதில் பொய் இருந்தால், நீங்கள் மெச்சுகிற திறமைக்கு மார்க் போட்டவரும் அவரே.

நேர்மை என்றாலே லஞ்சம் வாங்காமலிருப்பது என்று சுருக்கி வைத்திருக்கிறோம். பைசா தொடாதவரும் புளுகலாம். பிரிட்டனில் போர்த்துறை அமைச்சராக இருந்த ஜான் புரொஃப்யூமோ, ஒரு இளம்பெண்ணோடு தமக்குத் தகாத தொடர்பு எதுவும் இல்லை என்று 1963 மார்ச்சில் அந்நாட்டு நாடாளுமன்றத்தின் காமன்ஸ் சபையில் அடித்துச் சொன்னார். ஜூனில் அது பொய் என்று ஒப்புக்கொண்டு பதவி விலகினார். கிசுகிசுவில் அடிபட்டும் பிழைத்தவர்கள் எத்தனையோ பேர். சபையில் சொன்ன பொய்தான் இவரை வீட்டுக்கு அனுப்பியது.

நம் நாட்டிலும் ஒரு காலம் இருந்தது. 1957-ல், பிறந்து ஒரு வருடம்கூட ஆகாத எல்.ஐ.சி., ஹரிதாஸ் முந்த்ரா என்பவரின் கம்பெனிப் பங்குகளைச் சுமார் 1.25 கோடி ரூபாய்க்கு வாங்கியது. அத்தனையும் பாலிசிதாரர் பணம். முதலீட்டுக் குழுவை யாரும் கேட்கவில்லை. நாடாளுமன்றத்தில் இதைக் கிளறியவர் எதிர்க்கட்சிக்காரர் என்று நினைக்காதீர்கள்: ஆளுங்கட்சி உறுப்பினர், பிரதமர் நேருவின் மருமகன் பெரோஸ் காந்தி! நீதிபதி சாக்ளா ஒரே ஆளாக, பொதுமக்கள் முன்னிலையில் விசாரித்தார். சில வாரங்களில் அறிக்கையும் கொடுத்துவிட்டார். (இன்றைய கமிஷன்களின் வயதை நினைத்து நீங்கள் பெருமூச்சு விடுவது கேட்கிறது.) நிதியமைச்சர் டி.டி.கிருஷ்ணமாச்சாரி அந்தப் பணத்தில் கை வைத்ததாக யாரும் நிரூபிக்கவில்லை. ஆனால், நிதித்துறைச் செயலாளர் செய்ததற்கு அமைச்சர்தான் பொறுப்பு, 'எனக்குத் தெரியாது' என்று நழுவ முடியாது என்றார் சாக்ளா. 1958 பிப்ரவரியில் டி.டி.கே. ராஜினாமா செய்தார். 1962-ல் மறுபடி அமைச்சராகவும் ஆனார். அதைப் பற்றி எனக்கு முணுமுணுப்பு உண்டு, இடம்தான் இல்லை.

குற்றம் முழுக்க அரசியல்வாதிகள் தலையில் என்றும் சொல்லமாட்டேன். கஜானா காலி, இந்த வருடம் முடியாது என்று ஒருவர் உள்ளதைச் சொன்னால் அவருக்கு ஓட்டுப் போடுவோமா? முடியும் என்று புளுகுகிறவருக்குக் கை தட்டிவிட்டு, பிறகு 'எல்லாரும் திருடர்கள்' என்று அலுத்துக்கொள்கிறோம்.

உங்களிடம் எனக்கும் ஒரு கேள்வி. உங்கள் தொகுதி உறுப்பினர் கடைசியாக எப்போது 'நான் சொன்னது தப்பு' என்று வாய்திறந்து சொன்னார்? தேதியோடு எழுதுங்கள், அடுத்த இதழில் கட்டம் கட்டிப் போடுகிறேன்.