பிளஸ் 2-வில் 572, நீட்டில் 438: எந்த மதிப்பெண்ணைப் பார்ப்பது?

வணக்கம் அம்மா. பிளஸ் 2-வில் 600-க்கு 572-ம் நீட்டில் 720-க்கு 438-ம் வாங்கிய பெண்ணுக்கு எம்.பி.பி.எஸ். கிடைக்காதா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த 572-க்குப் பின்னால் எவ்வளவு உழைப்பு இருக்கிறது என்று எனக்குப் புரிகிறது. ஆனாலும் மருத்துவ சீட்டுக்கான வரிசையில் அது உங்கள் மகளை ஓர் இடம்கூட முன்னே நகர்த்தாது. 2016 வரை தமிழ்நாட்டில் பிளஸ் 2 கட்-ஆஃப்தான் சீட்டைத் தீர்மானித்தது. உறவினர்கள் இன்னும் அந்தக் கணக்கிலேயே பேசுகிறார்கள். இப்போது இயற்பியல், வேதியியல், உயிரியலில் சேர்த்து 50 சதவீதம் (இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 40) இருந்தால் போதும். அதற்குமேல் எல்லாமே நீட்தான்.

அந்த நீட்டிலும் 'தகுதி' வேறு, சீட் வேறு. 2025-இல் பொதுப்பிரிவுக்குத் தகுதி மதிப்பெண் 144, பி.சி., எம்.பி.சி., எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 113. இதைத் தாண்டினால் கலந்தாய்வுக்கு விண்ணப்பிக்கலாம், அவ்வளவுதான். "உங்கள் பெண் நீட் பாஸ், சீட் வாங்கித் தருகிறோம்" என்று யாராவது போன் செய்தால் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

438-ஐ மட்டும் வைத்து நானும் பதில் சொல்ல முடியாது. 2024-இல் 17 பேர் 720-க்கு 720 எடுத்தார்கள். 2025-இல் இயற்பியல் கடினமாக இருந்ததால் முதலிடமே 686 தான். ஒரே 438, இரண்டு ஆண்டுகளில் இரண்டு வெவ்வேறு இடம். அதனால் மாநிலத் தரவரிசைப் பட்டியல் வந்ததும் உங்கள் வகுப்புப் பிரிவில் மகளின் ரேங்க் என்ன என்று பாருங்கள். சென்ற ஆண்டு அதே பிரிவில் எந்த ரேங்க் வரை சீட் போனது என்பதோடு அதை ஒப்பிடுங்கள். முதல் சுற்றில் கிடைக்கவில்லையே என்று விட்டுவிடாதீர்கள், பின்சுற்றுகளில் இடங்கள் நகரும்.

7.5 சதவீத உள்ஒதுக்கீட்டை நம்பியிருப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். வருத்தமாகத்தான் இருக்கிறது. அது 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு. உங்கள் மகள் அரசு உதவிபெறும் பள்ளியில் படித்திருப்பதால் அதில் வரமாட்டார்.

அப்புறம், 572 வீணா என்றால், இல்லவே இல்லை. கால்நடை மருத்துவம், பி.எஸ்சி. நர்சிங், பி.பார்ம். ஆகியவற்றின் மாநில இடங்களுக்குத் தமிழ்நாட்டில் பிளஸ் 2 மதிப்பெண்தான் கணக்கு. கால்நடை மருத்துவத்துக்கு அவர் கட்டாயம் விண்ணப்பிக்க வேண்டும் என்பது என் கருத்து. எம்.பி.பி.எஸ். முடிவு தெரியட்டும் என்று காத்திருந்தால் கடைசித் தேதி போய்விடும்.

மறுபடி ஓர் ஆண்டு படிக்க வைப்பதா என்பதை இன்றே முடிவு செய்யாதீர்கள். முதலில் விடைத்தாள் நகலை எடுத்து வைத்துப் பாருங்கள். நீட்டில் சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறான விடைக்கு 1 கழியும். அதனால் 120 சரி, 42 தவறு என்றாலும் 438 தான் வரும். அந்த 42-இல் தெரியாமல் குறித்த பாதியை விட்டிருந்தாலே 459. அப்படியானால் பழக்கத்தைத் திருத்தினாலே பெரிய மாற்றம் வரும். தவறுகள் குறைவு, விட்ட கேள்விகள்தான் அதிகம், அதுவும் இயற்பியலில் என்றால் அடிப்படையிலிருந்தே படிக்க வேண்டும், அதற்கு ஓர் ஆண்டு தேவைப்படும்.

சனிக்கிழமை அந்த நகலோடு வாருங்கள். மகளையும் அழைத்து வாருங்கள், இன்னோர் ஆண்டு படிக்க அவருக்கு மனம் இருக்கிறதா என்று அவரிடமே கேட்க வேண்டும்.