நிக்கல் முலாம் தேய்ந்த ரிவால்வர்: மெருகேற்றலாமா, மறுபடி பூசலாமா?

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் வசிக்கும் வாசகர் ஒருவர், பழைய ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் மாடல் 10 ரிவால்வர் ஒன்றை வாங்கியிருக்கிறார். நான்கு அங்குலக் குழல், நிக்கல் முலாம். குழலின் வாய்ப்பகுதியில் முலாம் தேய்ந்திருக்கிறது. சிலிண்டரின் விளிம்பில் ஒரு சிறு செதில் பெயர்ந்திருக்கிறது. கைப்பிடியின் பின்புறம் பால் படிந்தாற்போல் மங்கியிருக்கிறது. மெருகேற்றினால் போதுமா, புதிதாக முலாம் பூசவேண்டுமா, பூசினால் மதிப்புக் கூடுமா என்று கேட்கிறார்.

கடைசிக் கேள்விக்கான விடைதான் மற்ற இரண்டையும் தீர்மானிக்கிறது என்பதால் அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன். தொழிற்சாலையில் பூசப்பட்ட முலாம், தேய்ந்திருந்தாலும், சேகரிப்பாளர்களிடம் பொதுவாக மறுபூச்சைவிட நல்ல விலை பெறும். ஆகவே உங்கள் கையில் இருப்பது யார் பூசிய முலாம் என்று தெரிந்தாகவேண்டும். சிலிண்டரைத் திறந்து, ஆறு அறைகளும் காலியாக இருப்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்துகொண்டு, விசையையும், தோட்டாவை வெடிக்கவைக்கத் தட்டும் உறுப்பான சுத்தியலையும் பாருங்கள். அக்கால நிக்கல் ரிவால்வர்களில் இந்நிறுவனம் இவ்விரண்டுக்கும் வழக்கமாக முலாம் பூசாமல், மேற்பரப்பைக் கடினப்படுத்தும்போது உண்டாகும் நீலமும் பழுப்பும் கலந்த நிறத்தோடே விட்டுவிடும். அவையும் வெள்ளையாகப் பளபளத்தால், வெளியே எங்கோ மறுபூச்சு நடந்திருக்கிறது என்று சந்தேகிக்கலாம்.

அடுத்து, குழலின் வலப்பக்கத்தில் தோட்டா வகையைக் குறிக்கும் எழுத்துகளைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். மெருகுச் சக்கரத்தில் அழுத்திப் பிடிக்கப்பட்ட துப்பாக்கியில் அவை பாதி கரைந்த சோப்புக் கட்டியின் முத்திரைபோல் மழுங்கியிருக்கும். திருகுத் துளைகளின் ஓரம் குழிந்திருக்கும். பக்கத் தகடு துப்பாக்கியின் உடற்சட்டத்தோடு சேருமிடம், மயிரிழைக் கோடாக இருக்கவேண்டியது, ஒரு வாய்க்காலாகத் தெரியும். இவ்வளவுக்குப் பிறகும் ஐயம் தீரவில்லையென்றால், துப்பாக்கி எந்தப் பூச்சோடு ஆலையிலிருந்து அனுப்பப்பட்டது என்பதை நிறுவனத்தின் பழைய பதிவேடுகளைப் பார்த்துச் சொல்லும் கடிதத்தை ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் வரலாற்று அறக்கட்டளையிடம் கட்டணம் செலுத்திப் பெறலாம்.

இனி, நீங்கள் சொல்லும் மூன்று குறைகளும் மூன்று வெவ்வேறு நோய்கள். குழல்வாயில் இருப்பது வெறும் தேய்மானம். தோலுறைக்குள் போய்வந்து போய்வந்து தேய்ந்தது. அங்கே முலாமின் ஓரம் படிப்படியாக மெலிந்து இரும்பின் சாம்பல் நிறத்தில் கலந்துவிடும். சிலிண்டர் விளிம்பில் இருப்பதோ உரிதல். அதன் ஓரம் செங்குத்தாக நிற்கும். பஞ்சு சுற்றிய குச்சி ஒன்றை அந்த ஓரத்தின்மேல் மெல்ல இழுத்துப் பாருங்கள். பஞ்சிழை சிக்கிக்கொண்டால் முலாம் இன்னும் தூக்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள். பெயர்ந்த இடத்தில் செம்பின் நிறம் தெரிகிறதா என்பதையும் கவனியுங்கள். கவரிங் நகை வெளுத்தால் உள்ளே செம்பு தெரிவதுபோலவே, இங்கும் அடியில் செம்புப் பூச்சு இருப்பதை அது காட்டிக்கொடுக்கும்.

நிக்கல், துத்தநாகத்தைப்போலத் தன்னை இழந்து இரும்பைக் காப்பதில்லை. அது ஒரு மூடி மட்டுமே. மூடியில் ஓட்டை விழுந்து ஈரம் புகுந்தால், மின்வேதி முறையில் இரும்பே முதலில் அரிக்கப்படும். துரு முலாமுக்கு அடியில் பக்கவாட்டில் ஊர்ந்து அடுத்த செதிலைத் தூக்கும். எனவே பளபளப்பைவிட முதலில் கவனிக்கவேண்டியது துரு. சிறு துருப்புள்ளியின்மேல் ஒரு சொட்டுத் துப்பாக்கி எண்ணெய் விட்டு, ஒரு நாள் ஊறவைத்து, 1982க்கு முந்தைய ஒரு சென்ட் நாணயத்தின் ஓரத்தால் மெல்லத் தேயுங்கள். அந்த நாணயம் 95 விழுக்காடு செம்பு என்பதால் நிக்கலையும் எஃகையும்விட மென்மையானது. பிந்தைய நாணயங்கள் துத்தநாகத்தின்மேல் செம்பு பூசியவை, அவை வேண்டாம். துரு போனபின் எண்ணெயைத் துடைத்துவிட்டு, ரினைசன்ஸ் வகை மெழுகை மெல்லிய படலமாகத் தடவுங்கள். தூக்கிய செதிலை நகத்தால் பிய்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும், அடக்கிக்கொள்ளுங்கள்.

கைப்பிடியின் மங்கல் மட்டுமே மெருகுக்கு இணங்கும். ஃபிளிட்ஸ் போன்ற மென்மையான மெருகுப் பசையைப் பருத்தித் துணியில் தொட்டு, கையால் மட்டும், மறைவான ஓரிடத்தில் முதலில் சோதித்துவிட்டுத் தேயுங்கள். துணி கறுப்பது அழுக்கால் மட்டுமன்று, முலாமும் சிறிது சேர்ந்தே வருகிறது. முலாமின் கனமோ தலைமுடியின் பருமனில் ஒரு சிறு பங்குதான். ஆகவே இதை ஆண்டுக்கொரு பொங்கல் வேலையாக வைத்துக்கொள்ளாதீர்கள். மின்மெருகுச் சக்கரம் வேண்டவே வேண்டாம். தோட்டாக்கள் குழலுக்குள் விட்டுச்செல்லும் செம்புக் கறையை நீக்கும் அம்மோனியா கலந்த கரைப்பான்களும் கூடாது. அம்மோனியா நிக்கலின் துளை வழியே இறங்கி, அடியில் செம்பு இருந்தால் அதைக் கரைத்து முலாமை மொத்தமாகக் கிளப்பிவிடும். துப்பாக்கியைத் தோலுறையிலேயே வைத்துப் பூட்டுவதும் மங்கலுக்கு ஒரு காரணம், ஏனெனில் பதனிட்ட தோல் ஈரத்தைப் பிடித்துவைக்கும்.

மறுபூச்சு எப்போது? முலாம் பல இடங்களில் உரிந்து, ஏற்கெனவே ஒருமுறை மறுபூச்சு கண்டதாகவும் தெரிந்தால் தாராளமாகச் செய்யலாம், இழக்க ஒன்றுமில்லை. ஆனால் இது பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவதுபோன்ற வேலையன்று. பழைய முலாம் முழுவதையும் கரைத்தெடுத்து, எஃகைச் சீர்செய்து, பிறகே புதிதாகப் பூசவேண்டும். ஓர் இடத்தில் மட்டும் ஒட்டுப்போட்டால் நிறம் காட்டிக்கொடுக்கும். மின்சாரமின்றி வேதிவினையால் படியவைக்கும் முறை, 1946இல் பிரென்னர், ரிடெல் என்ற ஆய்வாளர்கள் வெளியிட்டது, மூலைமுடுக்கிலும் ஒரே கனமாகப் படியும். மின்முலாமோ விளிம்பில் தடித்துக் குழிவில் மெலியும். வில்சுருள்களைப் பூசக் கொடுக்காதீர்கள், அமிலக் குளியலில் ஹைட்ரஜன் ஏறி நொறுங்கிவிடக்கூடும். நிக்கல் உப்புகள் நச்சுத்தன்மை உடையவை என்பதால் வீட்டுக் கொல்லையில் இதை முயலவும் வேண்டாம்.

பணியைக் கூட்டாட்சி உரிமம் பெற்ற துப்பாக்கிப் பணிமனையிடம் ஒப்படையுங்கள். ஒப்படைக்குமுன் கைப்பிடியின் அடியில் உள்ள வரிசை எண்ணைத் தெளிவாகப் படமெடுத்து வைத்துக்கொண்டு, அந்தப் பகுதியில் மெருகுச் சக்கரம் படக்கூடாது என்று எழுத்தில் கேளுங்கள். வரிசை எண் அழிந்த துப்பாக்கியைத் தெரிந்தே வைத்திருப்பது அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம்.