பி.ஏ. சமூகவியல் சேரலாமா, வேலை கிடைக்குமா?

மதுரையில் பி.ஏ. சமூகவியல் சேர ஆசை, வேலை கிடைக்குமா என்று வீட்டில் பயப்படுகிறார்கள் என எழுதியிருக்கிறீர்கள். நான் மதுரையில்தான் இதைப் படித்தேன். சேருங்கள்.

முதல் வருடம் காம்ட், துர்கைம், வெபர் என்று இந்தத் துறையை உருவாக்கிய அறிஞர்களின் பெயர்களாகவே ஓடும், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்குப் பாடம் பிடிபட்டது இரண்டாம் வருடக் களப்பணியில். திருப்பரங்குன்றம் பக்கம் ஒரு தெருவில் வீடு வீடாகக் கேள்வித்தாளோடு போனோம். ஒரு அக்கா வாசலில் உட்கார்ந்து மல்லி கட்டிக்கொண்டே பதில் சொன்னார். "என்ன வேலைக்கா பாக்குறீங்க?" "வேலையெல்லாம் இல்ல தம்பி, வீட்லதான் சும்மா இருக்கேன்." நானும் தொழில் என்ற கட்டத்தில் 'இல்லை' என்று எழுதிக்கொண்டு வந்துவிட்டேன். தாளைப் பார்த்த பேராசிரியை, "நீ பேசிட்டு இருந்த நேரத்துல அவங்க கை சும்மாவா இருந்துச்சு?" என்று கேட்டார். முழத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் வேலை அது, அந்த அக்காவும் அதை வேலை என்று சொல்லவில்லை, எனக்கும் தோன்றவில்லை. எங்கள் அம்மாவின் வேலையை அதுவரை நான் எப்படிப் பார்த்திருந்தேன் என்று அன்று இரவெல்லாம் யோசித்தேன்.

அப்புறம் லூயி துய்மோன். இந்தப் பிரெஞ்சு அறிஞர் 1949-50 வாக்கில் மதுரைக்கு மேற்கே பிரமலைக் கள்ளர் கிராமங்களில் தங்கி ஆராய்ச்சி செய்தவர். என் அம்மாச்சி ஊர் செக்கானூரணிப் பக்கம். தாய்மாமன் சீர், முறைப்பெண், முறைமாப்பிள்ளை என்று காதுகுத்து வீடுகளில் நான் சலிப்போடு பார்த்துக்கொண்டிருந்ததெல்லாம் உலகம் முழுக்க மாணவர்கள் படிக்கிற பாடம் என்று தெரிந்தபோது உடம்பு சிலிர்த்துவிட்டது.

சரி, வேலை. வெறும் பி.ஏ.வை வைத்து நேரடியாகக் கிடைப்பது குறைவுதான், அதை மறைக்க மாட்டேன். எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) முடித்தால் மருத்துவமனை, தொண்டு நிறுவனம், கம்பெனிகளில் மனிதவளப் பிரிவு என்று வழி இருக்கிறது. எம்.ஏ. படித்து நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் தேறினால் கல்லூரி ஆசிரியர் பணிக்கு முயலலாம். டிஎன்பிஎஸ்சி குரூப் 2, குரூப் 4 எழுதலாம். யுபிஎஸ்சியில் சமூகவியலை விருப்பப் பாடமாக எடுத்தால் முதன்மைத் தேர்வில் இரண்டு தாள், மொத்தம் 500 மதிப்பெண்.

தமிழில் நல்ல புத்தகங்கள் குறைவு, அதனால் ஆங்கிலம் வாசிக்க இப்போதே பழகிக்கொள்ளுங்கள். சேருவதற்கு முன் அந்தக் கல்லூரி சீனியர்கள் யாரையாவது பிடித்து, களப்பணிக்கு உண்மையிலேயே வெளியே கூட்டிப்போகிறார்களா என்று கேளுங்கள். இல்லை என்றால் வேறு கல்லூரி பாருங்கள்.